ஐந்தாவது மாடியிலிருந்து ஆடியவள்

ரிம்மா வெத்லுகினாவின் முகத்தைவிட அவள் முதுகைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். நான் கோல்கீப்பர். அவள் எனக்கு முன்னால் நடுக்களத்தில் ஆடினாள். எட்டாம் எண் சட்டை, இறுக்கிப் பின்னிய செம்பட்டை முடி, ஆண்பிள்ளைகளுக்கு இருப்பதுபோல் அகலமான தோள். கோல்கீப்பர் வேலையில் பாதி நேரம் சும்மா நிற்பதுதான். அந்தப் பாதி நேரமெல்லாம் அவளைப் பார்த்தே கழித்தேன். என் கணவரைப் பற்றிக்கூட என்னால் இவ்வளவு உறுதியாகப் பேச முடியாது.

எங்கள் ஊர் லூகின்ஸ்க், காமா ஆற்றின் கரையில் இருக்கிறது. காகித ஆலை இருந்ததால் ஊர் இருந்தது. சோவியத் நாடு உடைவதற்கு இரண்டு மூன்று வருடம் முன்னால் ஆலையின் தொழிற்சங்கத்துக்குத் திடீரென்று ஒரு யோசனை வந்து, பெண்களுக்குக் கால்பந்து அணி தொடங்கினார்கள். பெயர் 'வோல்னா', அதாவது அலை. பயிற்சியாளராக அர்காதி இல்யிச்சைப் போட்டார்கள். அவர் அதுவரை பையன்களுக்குப் பனி ஹாக்கி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர். ஏதோ தப்புக்குத் தண்டனையாகத்தான் எங்களை அவர் தலையில் கட்டினார்கள் என்று ஊரில் பேச்சு.

ஆள் எடுக்கும் நாளன்று ரிம்மா தன் அம்மாவோடு வந்தாள். அவளுக்குப் பதினேழு வயது, பள்ளியில் பனிச்சறுக்கு ஓட்டக்காரி. அம்மா ஃபாயினா திமஃபேயெவ்னா ஆலையின் மரக்கிடங்கில் கிரேன் ஓட்டுபவர். உயரத்திலிருந்து கத்திப் பழகிய தொண்டை. மைதானத்துக்குள் நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"இவளை நான் விடமாட்டேன். ரெண்டு காலும் வில்லு மாதிரி வளைஞ்சு போச்சுன்னா எவன் கட்டிக்குவான்?"

அர்காதி இல்யிச் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஃபாயினா திமஃபேயெவ்னா, உங்க கால் ரெண்டும் நேராத்தானே இருக்கு. உங்களைக் கட்டிக்கிட்டவன் எங்கே?"

ரிம்மாவின் அப்பா வடக்கே எண்ணெய்க் கிணற்று வேலைக்குப் போய் அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டது ஊருக்கே தெரியும். ஃபாயினா பயிற்சியாளரை ஒரு கணம் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"வாய்க்காரனாத்தான் இருக்கே. சரி, வெச்சுக்கோ. ஆனா நான் வந்து பாக்கமாட்டேன். அவ அடிபடறதைப் பாக்க என்னால ஆகாது."

சொன்னபடியே அவர் பல வருடம் ஒரு ஆட்டத்துக்கும் வரவில்லை.

அந்தக் காலத்து ரிம்மா ஓடினாள். அதற்குமேல் அவளிடம் ஆட்டம் என்று எதுவும் இல்லை. பனிச்சறுக்கில் வளர்த்த நுரையீரல். தொண்ணூறு நிமிடமும் பந்து எங்கே போனாலும் பின்னாலேயே போவாள். எங்கள் கோல் பக்கம் வந்து பந்தைப் பிடுங்கி, அடுத்த கோல்வரை தானே கொண்டுபோய், அங்கே பறிகொடுத்து, அதைத் துரத்திக்கொண்டு மறுபடியும் என்னிடம் வந்து நிற்பாள். நாங்கள் அவளை 'டீசல்' என்று கூப்பிட்டோம்.

நாடு உடைந்தது. ஆலையின் புகைபோக்கி அணைந்தது. அணி மட்டும் எப்படியோ சாகாமல் இருந்தது. காலையில் ரிம்மாவும் நானும் ரொட்டிக்கடை அடுப்படியில் தட்டு சுமப்போம், மதியம் பயிற்சி. வெளியூர் ஆட்டம் என்றால் மூன்றாம் வகுப்பு ரயிலில் அவித்த முட்டையும் ஊறுகாய் வெள்ளரிக்காயும் கட்டிக்கொண்டு போவோம். போன ஊரில் பள்ளிக்கூட உடற்பயிற்சி அறையில் பாய் விரித்துப் படுப்போம். அப்படித்தான் நாட்டின் முதல் பிரிவுக்கு ஏறினோம். ஏறியதற்குக் காரணம் டீசல்தான் என்று எல்லாருக்கும் தெரியும்.

மாஸ்கோவின் பெரிய அணி ஒன்று அவளைக் கூப்பிட்டது. போனாள். இரண்டு பருவம் அங்கே ஆடினாள். தேசிய அணியின் பயிற்சி முகாமுக்கும் பெயர் வந்தது. அந்தக் கோடையில் உலகப் போட்டி. ரொட்டிக்கடையில் எல்லாருக்கும் நான்தான் சொல்லித் திரிந்தேன், நம்ம ரிம்மா கடல் தாண்டிப் போகப்போகிறாள் என்று.

ஏப்ரலில் ஒரு பயிற்சி ஆட்டம். தரை இன்னும் உள்ளே உறைந்திருந்தது, மேலே மட்டும் சேறு. யாரும் அவளை இடிக்கவில்லை. பந்தைத் துரத்தித் திரும்பியபோது கால் மண்ணில் நின்றுவிட, உடம்பு மட்டும் திரும்பியது. முழங்காலின் தசைநார் அறுந்தது.

அறுவை செய்த டாக்டர் நல்ல மனிதர்தான். ஒளிக்காமல் சொல்லிவிட்டார். "நடக்கலாம். கல்யாணத்துல ஆடலாம். பந்து வேண்டாம்."

அவள் ஊர் திரும்பிய அன்று ரயில் நிலையத்துக்கு நான் போனேன். அர்காதி இல்யிச்சின் பழைய கார். ரிம்மா இரண்டு ஊன்றுகோலோடு பெட்டியிலிருந்து இறங்கினாள். அழுவாள், கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் என்று நான் தயாராக நின்றிருந்தேன்.

"ஸோயா, சாப்பிட ஏதாவது கொண்டாந்தியா? அந்த ரயில் சூப்பு கால் கழுவின தண்ணி மாதிரி இருக்கு."

முட்டைக்கோஸ் அடைத்த ரொட்டி மூன்றைக் கொடுத்தேன். நடைமேடை பெஞ்சில் உட்கார்ந்து மூன்றையும் தின்றாள். தின்று முடித்த பிறகுதான் அழுதாள்.

அவர்கள் வீடு ஐந்தாவது மாடியில். அந்தக் கட்டிடங்களில் லிஃப்ட் கிடையாது. ஒரு தடவை ஏறிவிட்டாள், பிறகு இறங்குவது பெரிய பாடாகிவிட்டது. கோடை, இலையுதிர் காலம், குளிர்காலம் என்று அவள் மேலேயே இருந்தாள். பகலெல்லாம் காலை ஒரு முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு பால்கனியில் உட்கார்ந்திருப்பாள். கீழே பள்ளிக்கூட மைதானம். சுற்றுவட்டாரப் பையன்கள் வெளிச்சம் இருக்கும்வரை அங்கே பந்தாடுவார்கள். பனி விழுந்த பிறகும் மிதித்து மிதித்துக் கெட்டியாக்கி ஆடுவார்கள்.

வேலை முடிந்து நான் போவேன். முதல் சில வாரம் அவள் பேச்சே இல்லாமல் கீழே பார்த்துக்கொண்டிருப்பாள். துக்கத்தில் இருக்கிறாள் என்று நானும் பேசாமல் இருப்பேன். ஒரு நாள் சொன்னாள்.

"ஸோயா, பந்து யாருகிட்ட இருக்குங்கறது முக்கியமே இல்லடி."

"பின்னே?"

"பந்து இல்லாதவங்க எங்கே போறாங்கன்னு பாரு. அதுதான் ஆட்டம். அங்கே பாரு, அந்தக் குண்டன் ஒரு ஓரமா நிக்கறானே. அவன்கிட்ட இப்ப வரும் பாரு."

வந்தது.

"நான் இத்தனை வருஷமா பந்து பின்னாடியே நாய் மாதிரி ஓடியிருக்கேன்," என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் வருத்தம் இல்லை. புதையல் கண்டவள்போல் இருந்தாள்.

அதற்குப் பிறகு ஒரு விளையாட்டு கண்டுபிடித்தாள். கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். "குண்டன் கோலுக்குப் பக்கத்துல. நீலத் தொப்பி அவனைத் தாண்டிப் போறான். இடது பக்கம் ரெண்டு பேரு சண்டை போட்டுக்கிட்டிருக்காங்க. சரியா?" நான் எட்டிப்பார்த்துச் சரி, தப்பு சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பாதி தப்பு. மூடிய கண்ணோடு அவள் சொல்லும் நேரம் நீண்டுகொண்டே போனது. குளிர்காலம் முடியும்போது, நான் தேநீர் போட்டுக் கொண்டுவரும்வரை கண்ணைத் திறக்காமல், அவர்கள் போடும் கூச்சலை மட்டும் கேட்டுக்கொண்டு, யார் எங்கே நிற்கிறான் என்று சொன்னாள். நான் கம்பியைப் பிடித்துக் கொண்டு கீழே பார்த்தேன். ஒருவன்கூடத் தப்பவில்லை.

உள்ளேயிருந்து ஃபாயினா கத்தினார். "ரெண்டு பேரும் கதவைச் சாத்துங்கடி. தெருவையே சூடாக்கப் பாக்கறீங்களா?"

அடுத்த வருடம் ரிம்மா மைதானத்துக்கு வந்தாள். ஒரு காலில் கட்டு, நடையில் சின்ன இழுப்பு. அர்காதி இல்யிச் கையை விரித்தார்.

"ரிம்மா, வேண்டாம். உனக்கு மறுபடி ஏதாவது ஆச்சுன்னா உங்கம்மா கிரேன்ல மரத்தைத் தூக்கி என் தலைமேலயே போடுவா."

"ஒரே ஒரு பயிற்சி. பிடிக்கலேன்னா போயிடறேன்."

அப்போது எங்கள் முன்கள ஆட்டக்காரி யானா. பத்தொன்பது வயது, காற்று மாதிரி ஓடுவாள், வாயும் அப்படித்தான். "பொண்ணுங்களா, பென்ஷன்காரி வந்திருக்காங்க. உக்கார இடம் குடுங்க," என்றாள்.

"நான் உக்காந்துக்கிட்டுதான் ஆடப்போறேன். நீ ஓடு," என்றாள் ரிம்மா.

யானா நேராக அவளிடம் போய்ப் பந்தைப் பிடுங்கப் பார்த்தாள். பந்து அங்கே இல்லை. மறுபடி போனாள். மறுபடியும் இல்லை. ரிம்மா ஓடவில்லை, பந்தை மறைக்கவுமில்லை. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே ஒருமுறை தோளுக்குப் பின்னால் பார்ப்பாள், வந்ததும் ஒரே தட்டில் அனுப்பிவிடுவாள். அது போய்ச் சேரும் இடத்தில் யாரும் இருக்கமாட்டார்கள். மறுகணம் எங்களில் ஒருத்தி அங்கே இருப்பாள். அரைமணி நேரத்தில் யானா இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள்.

"எப்படிப் பாக்காமலே அனுப்பறீங்க?"

"முன்னாலயே பாத்துட்டேன்டி. வந்த பிறகு பாக்க யாருக்கு நேரம் இருக்கு?"

அர்காதி இல்யிச் பெட்டியிலிருந்து எட்டாம் எண் சட்டையை எடுத்து அவள்மேல் வீசினார்.

ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அவள் நல்ல ஆட்டக்காரி. ஓட முடியாமல் போன பிறகு அவள் வேறு ஏதோவாகிவிட்டாள். பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அதற்குப் பெயர் சொல்லத் தெரியவில்லை. அவள் மெதுவாக நடப்பாள், மற்ற இருபத்தொரு பேரும் தாமதமாக வருவதுபோலத் தெரியும்.

அதன் உச்சத்தை நான் கண்ணால் பார்க்கவில்லை. அங்கேயே நின்றிருந்தும் பார்க்கவில்லை. காரணம் மூடுபனி.

அக்டோபர் மாதம், பருவத்தின் கடைசி ஆட்டம், எங்கள் ஊரில். வந்திருந்தது ஒரு காலத்தில் ரிம்மாவைக் கூப்பிட்டுப்போன அதே மாஸ்கோ அணி. ஜெயித்தால் எங்களுக்கு மூன்றாம் இடம், வெண்கலப் பதக்கம். சமன் ஆனால்கூடப் பதக்கம் இல்லை. இடைவேளைவரை இருபக்கமும் கோல் விழவில்லை. இரண்டாம் பாதி தொடங்கியதும் ஆற்றிலிருந்து பனி எழுந்து வந்தது. முதலில் எதிர்க் கோல் மறைந்தது, அப்புறம் நடுவட்டம், அப்புறம் எனக்கு முன்னாலிருந்த தடுப்பாட்டக்காரி லேனாவே போய்விட்டாள்.

நடுவர் மைதானத்தின் மையத்தில் நின்று இந்தக் கோலையும் அந்தக் கோலையும் பார்த்தார். இரண்டும் தெரிந்தால்தான் ஆட்டம் தொடரலாம் என்பது விதி.

"தெரியுது," என்றார்.

"எங்கே தெரியுது?" என்று அர்காதி இல்யிச்சின் குரல் எங்கிருந்தோ கேட்டது.

"எனக்குத் தெரியுது. ஆடுங்க." அவருடைய ரயில் மாலையில் கிளம்புகிறது, அதுதான் அவருக்கு எல்லாம் தெரிகிறது என்று பார்வையாளர் பக்கம் யாரோ சொல்ல, பனிக்குள் சிரிப்பு பரவியது.

என் கோலுக்குப் பின்னால் வழக்கமாக உட்காரும் ஒரு கிழவர், சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டே கேட்டார். "ஏம்மா, பந்து யாருகிட்ட இருக்கு?"

"தெரியல தாத்தா."

"நீதானே கோல்கீப்பர்?"

"உங்களுக்குத் தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க."

அப்போதுதான் அந்தக் குரல் வந்தது. ரிம்மா ஆட்டத்தில் வாய் திறக்காதவள். அன்று பேசினாள். கத்தவில்லை, சமையலறையிலிருந்து அடுத்த அறைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

"லேனா, உன் பின்னாடி ஆள். விடு, போகட்டும். மாஷா, நில்லு. இன்னும் நில்லு. இப்ப போ."

வெள்ளைச் சுவருக்குள்ளிருந்து அந்தக் குரல் மட்டும் நடமாடிக்கொண்டிருந்தது. அவளுக்கு ஏதோ தெரிகிறது என்று முதலில் நினைத்தேன். தெரிய வழியே இல்லை. என் கையை நீட்டினால் என் கையுறை மங்கியது.

"ஸோயா, ரெண்டடி முன்னாடி வா. இடது பக்கத்துலேருந்து வருது."

நான் எங்கே நிற்கிறேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? யோசிக்க நேரமில்லை. இரண்டடி வைத்தேன். இடது பக்கத்துப் பனி கிழிந்து பந்து வந்தது, நேராக என் நெஞ்சுக்கு. பிடித்துக்கொண்டேன்.

"எறி."

"எங்கே?"

"என் குரலுக்கு."

குரலுக்கு எறிந்தேன். ஒரு கால் பந்தை உதைக்கும் மெத்தென்ற ஓசை. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. பிறகு ரொம்ப தூரத்தில் அவள், "யானா, ஓடு. ஓடிக்கிட்டே இரு. காலை நீட்டு," என்றாள்.

அமைதி. அப்புறம் விசில். அப்புறம் அந்தக் கோடியில் யாரோ அலறினார்கள். எங்கள் அலறலா அவர்கள் அலறலா என்று எனக்குத் தெரியவில்லை. கிழவர் விதை கொறிப்பதை நிறுத்திவிட்டார்.

"யாரு போட்டது?"

நான் பதில் சொல்வதற்குள் பனியிலிருந்து யானா வெளிப்பட்டு ஓடிவந்து என்மேல் மோதினாள். முழு மைதானத்தையும் தாண்டி எனக்குச் சொல்லத்தான் வந்திருந்தாள்.

"நான்தான் போட்டேன் ஸோயா. ஆனா எனக்கு ஒண்ணுமே தெரியல. காலை நீட்டுன்னாங்க. நீட்டினேன். பந்து இருந்துச்சு."

அதற்குப் பிறகு மாஸ்கோக்காரிகளும் புரிந்துகொண்டார்கள். ரிம்மாவின் குரல் போகும் பக்கமெல்லாம் அவர்களும் ஓடினார்கள். அதையும் அவள் கேட்டுவிட்டாள். "மாஷா, உனக்கு," என்று சொல்லிவிட்டு லேனாவுக்கு அனுப்பினாள். "ஸோயாவுக்குத் திருப்பு," என்று சொல்லி முன்னால் அனுப்பினாள். எங்கள் பெண்களே முதலில் குழம்பினார்கள். பிறகு ஒருத்தி களுக்கென்று சிரித்தாள், அது தொற்றிக்கொண்டது. கடைசிக் கால்மணி நேரம் பனிக்குள் எங்கள் அணி சிரித்துக்கொண்டே ஆடியது. விசில் ஊதியபோது ஒன்றுக்குப் பூஜ்யம்.

உடைமாற்றும் அறையில் அவள் வழக்கம்போல் முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொண்டிருந்தாள். மாஸ்கோ அணியின் பயிற்சியாளர், கம்பளிக் கோட்டு போட்ட உயரமான பெண், கதவைத் தட்டி உள்ளே வந்தார். எங்களை வாழ்த்தவில்லை. ரிம்மாவின் காலில் இருந்த நீளத் தழும்பையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"எங்கேருந்துடி பாத்தே?"

"அஞ்சாவது மாடியிலேருந்து," என்றாள் ரிம்மா.

அவர் விளக்கம் கேட்கவில்லை. ரிம்மாவின் ஈரத் தலையில் ஒருமுறை கையை வைத்துவிட்டுப் போனார். அவர்தான் மேலே யாரிடமோ பேசியிருக்க வேண்டும். வசந்தத்தில் தேசிய அணியிலிருந்து தொலைபேசி வந்தது. முப்பது வயது, அறுந்த முழங்கால். போனாள்.

அவளுடைய முதல் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். நான் ஃபாயினாவின் வீட்டுக்குப் போய் அவரை வலுக்கட்டாயமாகப் பெட்டியின் முன் உட்காரவைத்தேன். மகள் ஆடி அவர் பார்க்கும் முதல் ஆட்டம் அதுதான். முதலில் விரல்களுக்கு நடுவே பார்த்தார்.

"இவ ஏன் நடந்துக்கிட்டே இருக்கா? உடம்பு சரியில்லையா?"

"காலைப் பாக்காதீங்க. தலையைப் பாருங்க."

சிவப்புச் சட்டையில் ரிம்மா இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தபடி நடந்தாள். ஃபாயினா கையை முகத்திலிருந்து எடுத்தார். கொஞ்ச நேரத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். தேநீர் ஆறிப்போயிற்று. இரண்டாம் பாதியில் தானாகவே முணுமுணுத்தார்.

"அந்த ஆறாம் நம்பர் தனியா நிக்கறாளே. அவளுக்குக் குடுடி."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, பந்து ஆறாம் எண்ணிடம் போய்ச் சேர்ந்தது. ரிம்மா அந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஃபாயினா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடம் கூடவே இருந்த பெண்ணை அப்போதுதான் பெற்றெடுத்தவர்போல் இருந்தது அந்தப் பார்வை.

"இது எப்பலேருந்து இப்படி?"

"நீங்க பால்கனிக் கதவைச் சாத்தச் சொன்னீங்களே, அப்பலேருந்து."

அவர் ஆட்டம் முடியும்வரை என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே இருந்தார். மறுநாள் அங்கே நீலம் பாரித்திருந்தது.

ரிம்மா நாலு வருடம் சிவப்புச் சட்டையில் ஆடினாள். வோல்னாவுக்கு அதற்குப் பிறகும் ஆடினாள். பணம் போடுபவர்கள் விலகி அணி மூடப்பட்டபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. கடைசி ஆட்டத்தில் நாங்கள் பத்துப் பேர்தான் இருந்தோம். தோற்றோம். அன்றும் அவள் மைதானத்தின் நடுவே நின்று, அடுத்த பத்து நொடியில் நடக்கப்போவதை ஏற்கெனவே பார்த்துவிட்டவளாகப் பந்தை அனுப்பிக்கொண்டிருந்தாள். அங்கே போய்ச் சேரத்தான் ஆள் இல்லை.

பிறகு ஒரு கால்நடை மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். இப்போது ஊர்ப் பனி அரங்கத்தில் வேலை. ஆட்ட இடைவேளையில் தண்ணீர் பரப்பி உறையவைத்துப் பனித்தரையை வழவழப்பாக்கும் பெரிய வண்டியை ஓட்டுகிறாள். போன மாதம் என் பேரனை அங்கே அழைத்துப்போனேன். ரிம்மா வண்டியின் மேல் உட்கார்ந்து வட்டம் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓரத்தில் பையன்கள் காத்திருந்தார்கள், அவர்களில் ஒருவன் யாரும் கவனிக்காதபோது தடுப்பைத் தாண்டிப் பனியில் இறங்கப் போனான். அவள் முதுகு அந்தப் பக்கம் இருந்தது. அவன் காலை வைப்பதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது.

"ஏறிப் போ கண்ணு," என்றாள், திரும்பிப் பார்க்காமல். "இன்னும் உறையல."